அளந்து ஓடும் வண்டிகள்

போட்டி என்ற சொல்லைக் கேட்டவுடனே நமது மனக்கண்முன் தோன்றுவது முந்தி ஓடுபவனுடைய உருவமே. மாட்டுவண்டிச் சவாரியானாலும் சரி, படகோட்டமானாலும் சரி, மோட்டார்ப் பந்தயமானாலும் சரி, எல்லைக்கோட்டை முதலிலே தொட்டவனுக்குத்தான் மாலை விழுகின்றது. ஆயின், அண்மைக் காலத்தில் உலகின் பல பாகங்களிலும் இதற்கு மாறான ஒரு போட்டி பரவி வருகின்றது. முந்துபவனுக்கு அங்கே பரிசில்லை. வழியிலே எவன் மிகக் குறைந்த மின்சாரத்தைச் செலவிட்டானோ அவனே வெற்றி பெற்றவன்.

மின்சாரக் கார் வைத்திருப்போர் ஓரிடத்தில் ஒன்றுகூடுகின்றனர். தமது வண்டி ஒரு கிலோமீற்றருக்கு 150 வாற்று-மணி மின்சாரம் குடிக்கின்றது என்கிறார் ஒருவர். தமக்கு 130 போதும் என்கிறார் மற்றொருவர். மூன்றாமவர் நம்பாமல் நகைக்கின்றார். முடிவில், ஒரே நாளில், ஒரே பாதையில், எல்லோரும் ஓடிப் பார்க்கின்றனர். மாலையில் எண்களை எழுதிவைத்து ஒப்பிடுகின்றனர். வாற்று-மணி என்ற சொல் சிலருக்குப் புதிதாக இருக்கலாம். நமது வீட்டு மின்சாரப் பட்டியலில் ஓர் அலகு என்று குறிக்கப்படுவது ஆயிரம் வாற்று-மணியேயாகும். ஆகவே, ஓர் அலகில் ஏழு கிலோமீற்றர் ஓடுவதா, எட்டுக் கிலோமீற்றர் ஓடுவதா என்பதே இவர்களுடைய வழக்கு.

வசதி படைத்தோரின் பொழுதுபோக்கு என்று இதனைத் தள்ளிவிடத் தோன்றும். ஓரளவுக்கு அது உண்மையுந்தான். எனினும், இந்த விளையாட்டின் உள்ளே விளையாட்டல்லாத ஒரு கேள்வி மறைந்திருக்கின்றது. ஒரு பொருள் எவ்வளவு உண்ணும், எவ்வளவு உழைக்கும் என்பதை அளக்கும் கோல் யாருடைய கையில் இருக்க வேண்டும்? விற்பவன் கையிலா, வாங்கியவன் கையிலா? இந்தக் கேள்வியை மனத்திற் கொண்டே இக்கூட்டங்களை நாம் நோக்குதல் வேண்டும்.

பழைய போட்டிகள் கற்பித்த பாடம்

உலகின் முதலாவது மோட்டார் வாகனப் போட்டி எனப் பொதுவாகக் கருதப்படுவது, 1894ஆம் ஆண்டு ஜூலை 22ஆம் திகதி பாரிசிலிருந்து ரூவான் நகருக்கு நடந்த 126 கிலோமீற்றர் ஓட்டமாகும். அதனை நடத்தியது ஒரு பத்திரிகை: 'லெ பெத்தி ஜூர்னால்'. முதலில் வந்து சேர்ந்தது டி டியோன் பிரபுவின் நீராவி வண்டி. ஆனால் முதற்பரிசு அவருக்குக் கிடைக்கவில்லை. பெஜோ, பனார் லெவசோர் என்னும் இரு நிறுவனங்களுக்கும் அது பகிர்ந்தளிக்கப்பட்டது. காரணம் யாது? ஆபத்தில்லாமல் ஓடுவதும், எளிதிற் கையாளத் தக்கதும், வழிச்செலவு அதிகம் இல்லாததுமான வண்டிக்கே பரிசு என்பது அப்போட்டியின் விதி. டி டியோனின் வண்டிக்கோ, ஓட்டுபவரைத் தவிர, நெருப்பைப் பேணுவதற்கு இன்னோர் ஆளும் வேண்டியிருந்தது. மோட்டார் வாகனம் பிறந்த தொட்டிலிலேயே, வேகத்தைக் காட்டிலும் செலவைப் பெரிதாக மதித்த நடுவர்கள் இருந்தனர் என்பது இன்று பலரும் மறந்துவிட்ட செய்தி.

சிக்கனத்தையே குறியாகக் கொண்ட பெரும் போட்டி பின்னர் அமெரிக்காவில் எழுந்தது. 1936இல் கலிபோர்ணியாவில் யொசமிற்றி மலைப் பிரதேசத்தை நோக்கித் தொடங்கிய அந்த ஓட்டம், 'மொபில் சிக்கன ஓட்டம்' என்ற பெயரிலே புகழ்பெற்று, போர்க்கால இடைவெளி நீங்கலாக, 1968 வரை நடைபெற்றது. பெற்றோலை விற்கும் கம்பனியே பெற்றோலை மிச்சம் பிடிக்கும் போட்டிக்கு அனுசரணை வழங்கிய விந்தையை என்னென்பது! கார்க் கம்பனிகளுக்கோ அது நல்ல விளம்பரமாயிற்று. எங்கள் வண்டி ஒரு கலனில் இத்தனை மைல் ஓடியது என்று பத்திரிகைகளிலே கொட்டை எழுத்தில் அச்சிட்டனர். ஆனால் அந்த எண்ணைப் பெற்றவர்கள் அதற்கெனப் பழகிய சாரதிகள். அதே வண்டியை வாங்கிய சாதாரண மனிதன், பிள்ளைகளைப் பள்ளியில் விட்டு, நெரிசலில் நின்று நின்று வேலைக்குப் போனபோது, அந்த எண் அவனுக்கு எட்டாக் கனியாகவே இருந்தது. எண் பொய்யன்று, ஆனால் அது வேறொருவனுடைய எண்.

சிக்கன ஓட்டம் மறைந்த அதே 1968இல், மின்சார வண்டிகளின் வரலாற்றிலே ஒரு சுவையான நிகழ்ச்சி நடந்தது. கலிபோர்ணியாத் தொழினுட்பக் கழக மாணவரும் மசச்சூசெற்சுத் தொழினுட்பக் கழக மாணவரும் ஆகஸ்டு 26ஆம் திகதி ஒரே வேளையில் தத்தம் கல்லூரி வாயில்களிலிருந்து புறப்பட்டு, ஏறத்தாழ 5,300 கிலோமீற்றர் கடந்து, மற்றவரின் கல்லூரியை அடைய முயன்றனர். முன்னவரிடம் ஈய மின்கலங்கள் ஏற்றிய பழைய வொல்க்ஸ்வாகன் வண்டி. பின்னவரிடம் விலையுயர்ந்த நிக்கல்-கட்மிய மின்கலங்கள் பொருத்திய கொர்வயர் கார். வழிநெடுக 54 இடங்களில் மின்னேற்ற வசதி செய்யப்பட்டது. கிழக்கிலிருந்து வந்த கொர்வயர்தான் முதலில் இலக்கை அடைந்தது. ஆனால் இடைவழியில் அதனைக் கட்டி இழுக்க நேர்ந்தமைக்காகத் தண்டனை நேரம் சேர்க்கப்பட்டபோது, வெற்றி பழைய வொல்க்ஸ்வாகனுக்கே சென்றது. எண்ணைக் கணக்கிடும் விதிதான் வெற்றியைத் தீர்மானிக்கின்றது என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுமோ?

ஒரே மின்னேற்றத்தில் 1,078 கிலோமீற்றர்

இனி நமது காலத்திற்கு வருவோம். 2017 ஆகஸ்டில் இத்தாலி நாட்டு டெஸ்லா கார் உரிமையாளர் சங்கத்தினர், அந்நாட்டின் தென்பகுதியிலே, ஒரு பெரிய டெஸ்லா காரை இடையில் மின்னேற்றாமல் 1,078 கிலோமீற்றர் ஓட்டிக் காட்டினர். செலவான மின்சாரம் 98.4 அலகு. அமெரிக்க அரசின் சோதனை முறைப்படி அதே வண்டிக்குக் குறிக்கப்பட்ட தூரம் ஏறத்தாழ 507 கிலோமீற்றர் மட்டுமே. அதாவது, அரசாங்கக் கணக்கின் இரு மடங்குக்கு மேற்பட்ட தூரத்தை இவர்கள் எட்டிப் பிடித்துவிட்டனர். அக்காலத்தில் அஃது உலக சாதனை எனக் கொண்டாடப்பட்டது.

இந்த மாயம் எவ்வாறு நிகழ்ந்தது? மாயம் ஒன்றுமில்லை, அவர்கள் மெதுவாகப் போனார்கள். ஐந்து சாரதிகள் மாறி மாறி அமர்ந்து, ஏறத்தாழ 29 மணி நேரம், மணிக்கு 40 கிலோமீற்றர் அளவிலான வேகத்தில் ஓட்டினர். உடலுரம் மிக்க மிதிவண்டி வீரனொருவன் இவர்களோடு கூடவே வந்திருக்கலாம்.

இதன் காரணத்தை உயர்தர வகுப்புப் பௌதிக மாணவன் எளிதில் விளக்கிவிடுவான். ஓடும் வண்டி இரண்டு பகைவர்களோடு போராடுகின்றது. ஒன்று, டயருக்கும் தரைக்கும் இடையிலே எழும் உருளல் தடை. அது வண்டியின் பாரத்தைப் பொறுத்தது. வேகத்தால் அதிகம் மாறுவதில்லை. மற்றது காற்றின் தடை. அது வேகத்தின் வர்க்கத்துக்கேற்பப் பெருகுவது. மணிக்கு 40 கிலோமீற்றரில் ஓடும் வண்டி 100 கிலோமீற்றரில் ஓடினால், வேகம் இரண்டரை மடங்கு. ஆனால் ஒவ்வொரு கிலோமீற்றரிலும் காற்றைப் பிளப்பதற்குச் செலவாகும் சக்தியோ ஆறேகால் மடங்கு. விரைந்து செல்பவனுடைய மின்சாரத்தில் பெரும் பங்கைக் காற்றே தின்றுவிடுகின்றது.

மின்சார வண்டிக்கு இன்னுமொரு தனித்தன்மை உண்டு. தடையை மிதிக்கும்போது மோட்டரே மின்பிறப்பாக்கியாக மாறி, ஓட்டத்தின் சக்தியில் ஒரு பகுதியை மின்கலத்திற்குத் திருப்பி அனுப்புகின்றது. ஆனால் அனுப்பியது முழுவதும் மீள்வதில்லை. போக்கிலும் வரவிலும் தேய்மானம் உண்டு. ஆதலால், தடையை மிதித்து மீட்பதை விட, மிதிக்கத் தேவையில்லாமலே ஓட்டுவதுதான் கெட்டிக்காரத்தனம். சிவப்பு விளக்கைத் தொலைவிலேயே கண்டு வேகத்தைத் தளர்த்துபவனும், வளைவை முன்கூட்டியே கணித்துத் திரும்புபவனுமே இக்கூட்டங்களிற் பெயர் பெறுகின்றனர். இது நல்ல பழக்கம். மின்சாரத்தோடு உயிர்களையும் காப்பாற்றும் பழக்கம்.

ஆயின், எந்த எண்ணுக்குப் பரிசு கொடுக்கின்றோமோ அந்த எண்ணைப் பெறுவதற்காக மனிதர் எதையும் செய்யத் துணிவர். குறைந்த செலவு ஒன்றையே வெற்றி எனக் கொண்டால், சிலர் நெடுஞ்சாலையில் ஆமைபோல ஊர்ந்து பின்னால் வருவோரின் பொறுமையைச் சோதிப்பர். சிலர் காற்றின் தடைக்குத் தப்புவதற்காகப் பெரிய லொறியின் பின்னால் ஆபத்தான அளவுக்கு ஒட்டிச் செல்வர். சிலர் கொளுத்தும் வெயிலிலும் குளிரூட்டியை நிறுத்தி, வியர்வையில் தோய்ந்து, சாதனை புரிந்துவிட்டதாக மகிழ்வர். இவ்வாறு பெறப்பட்ட எண் யாருடைய அன்றாட வாழ்வுக்கு உதவும்?

இக்குறையை உணர்ந்தவர்கள் விதியைத் திருத்தியிருக்கின்றனர். சர்வதேச மோட்டார் வாகனச் சம்மேளனம் மின்சார வண்டிகளுக்கென நடத்திவந்த சிக்கன ஓட்டங்களில், குறித்த இடத்தைக் குறித்த கணத்தில் அடைவதும் மின்சாரத்தைக் குறைவாகச் செலவிடுவதும் சேர்த்தே மதிப்பிடப்படுகின்றன. பிந்தி வந்தாலும் தண்டனை. முந்தி வந்தாலும் தண்டனை. ஊர்ந்து சென்று எண்ணைக் குறைக்கும் வழி அங்கே அடைபட்டுவிடுகின்றது. அளவுகோலைச் செப்பனிட்டால் ஆட்டமும் செம்மையடையும் என்பதற்கு இஃது ஓர் எடுத்துக்காட்டு.

மலையும் பனியும்

2025ஆம் ஆண்டில் வேறொரு சாதனைச் செய்தி வெளியாயிற்று. லூசிட் என்னும் அமெரிக்கக் கம்பனியின் கார் ஒன்று, சுவிற்சர்லாந்தின் சென் மொரிட்சிலிருந்து ஜேர்மனியின் மியூனிக் நகர் வரை, ஒரே மின்னேற்றத்தில் 1,205 கிலோமீற்றர் சென்றது. செய்தி உண்மையே. ஆனால் தேசப்படத்தைக் கையிலெடுப்பவர்கள் ஒன்றைக் கவனிப்பர். சென் மொரிட்சு கடல் மட்டத்திலிருந்து 1,800 மீற்றருக்கு மேற்பட்ட உயரத்தில் உள்ள மலையூர். மியூனிக் 520 மீற்றர் அளவிலே உள்ள சமவெளி நகர். ஏறத்தாழ இரண்டரைத் தொன் பாரமுள்ள பொருளொன்று 1,300 மீற்றர் கீழே இறங்கும்போது அது வெளிவிடும் சக்தி எட்டு அல்லது ஒன்பது மின் அலகுக்குச் சமம். மலை கொடுத்த இந்த நன்கொடையைக் கணக்கிற் சேர்க்காமல் அந்தத் தூரத்தை மட்டும் வியப்பது எவ்வாறு பொருந்தும்? அதே வண்டி மியூனிக்கிலிருந்து மலையேறியிருந்தால் எண் வேறாக இருந்திருக்கும்.

கம்பனிகள் விற்பனைத் தாள்களில் அச்சிடும் தூரத்திற்கும் இவ்வாறே ஒரு பின்னணி உண்டு. ஐரோப்பாவிற் கையாளப்படும் சோதனை, ஆய்வுகூடத்தினுள்ளே, 23 பாகை வெப்பநிலையில், உருளைகளின் மீது வண்டியை ஓடவிட்டுச் செய்யப்படுவது. அரை மணி நேரம் நடைபெறும் அந்த ஓட்டத்தின் சராசரி வேகம் மணிக்கு 46.5 கிலோமீற்றர். வண்டிகளை ஒன்றோடொன்று ஒப்பிடுவதற்கு அது பயன்படும். பனியிலும் வெயிலிலும் மேட்டிலும் பள்ளத்திலும் வாழும் மனிதனுக்கு அது வாக்குறுதியாகாது.

இந்த இடைவெளியை நோர்வே மக்கள் நன்கறிவர். 2024ஆம் ஆண்டில் அங்கே புதிதாகப் பதிவான கார்களில் நூற்றுக்கு ஏறத்தாழ 89 முழு மின்சாரக் கார்கள். அந்நாட்டு மோட்டார் வாகனச் சங்கமாகிய 'நாஃப்' 2020ஆம் ஆண்டு தொடக்கம் கோடையிலும் மாரியிலும் ஒரு பொதுச் சோதனையை நடத்தி வருகின்றது. பல கம்பனிகளின் கார்கள் ஒரே நாளில், ஒரே பாதையில், ஒஸ்லோ நகரிலிருந்து வடக்கே மலைகளை நோக்கிப் புறப்படும். எல்லாம் வீதி வேகத்தை அனுசரித்தே ஓட வேண்டும். மின்கலம் வற்றி, வண்டி தளர்ந்து, மேலே செல்ல இயலாமல் நிற்கும் வரை ஓட்டி, அந்தத் தூரத்தைக் குறித்துக்கொள்வர். பின்னர் அதனைக் கம்பனி கூறிய தூரத்தின் அருகே அச்சிடுவர். கடுங்குளிரில் பல வண்டிகள் தமக்குக் கூறப்பட்ட தூரத்தில் ஐந்திலொரு பங்கையும் அதற்கு மேலும் இழந்து நிற்பதை அந்நாட்டு மக்கள் ஆண்டுதோறும் வாசித்தறிகின்றனர்.

இத்தாலியச் சாதனைக்கும் நோர்வேச் சோதனைக்கும் உள்ள வேறுபாடு இங்கேதான். முன்னது ஒரு வண்டியால் உச்சமாக எவ்வளவு முடியும் என்று கேட்டது. பின்னது, நாளைக் காலையில் எனக்கு எவ்வளவு கிடைக்கும் என்று கேட்கின்றது. முதற் கேள்விக்குக் கைதட்டல் கிடைக்கும். இரண்டாவது கேள்விக்கே குடும்பஸ்தன் விடை தேடுகின்றான்.

பீனிக்ஸ் நகரத்து உரிமையாளர்கள்

வாங்கியவர்களே அளவுகோலைக் கையிலெடுத்த நிகழ்ச்சிகளுள் மிக முக்கியமானது, எனது கருத்தில், அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில் 2012ஆம் ஆண்டு நடந்ததாகும்.

நிசான் கம்பனியின் 'லீஃப்' என்னும் மின்சாரக் கார் 2010 டிசம்பரில் விற்பனைக்கு வந்தது. அதன் மின்கலத்தின் கொள்ளளவு 24 அலகு. மின்கலத்தைக் குளிர்விப்பதற்கெனத் தனி ஏற்பாடு எதுவும் அதில் இல்லை. லிதியம் மின்கலத்திற்கு வெப்பம் கொடிய பகை. வெப்பம் மிகுந்தால் உள்ளே நிகழும் இரசாயன மாற்றங்கள் விரைந்து, கொள்ளளவு நாளடைவிற் சுருங்கும். பாலைவன வெயில் காயும் பீனிக்ஸ் நகரத்தில் இரண்டு கோடைகளுக்குள்ளேயே பலருடைய கார்கள் தளரத் தொடங்கின. மின்கலத்தின் உடல்நிலையைக் காட்டும் பன்னிரண்டு கட்டங்களிற் சில ஒவ்வொன்றாக அணைந்தன. உரிமையாளர்கள் முறையிட்டனர். கம்பனியோ, வண்டிகளிற் பழுதில்லை, இயல்பான தேய்மானமே, கட்டங்கள் காட்டுவதும் திருத்தமானதன்று என்ற வகையில் விடை பகர்ந்தது.

தனி மனிதனுடைய முறைப்பாட்டுக்கு என்ன மதிப்பு? உமது ஓட்டும் விதம் சரியில்லை, உமது பாதை மேடானது, நீர் குளிரூட்டியை அதிகம் பாவிக்கின்றீர் என்று ஒரு வார்த்தையிலே அவனை அடக்கிவிடலாம். இதனை உணர்ந்த உரிமையாளர்கள் 2012 செப்ரெம்பரில் ஒன்றுகூடினர். பன்னிரண்டு லீஃப் கார்கள். எல்லாவற்றிற்கும் முழு மின்னேற்றம். எல்லாவற்றிற்கும் ஒரே பாதை. மணிக்கு ஏறத்தாழ 100 கிலோமீற்றர் என்ற ஒரே வேகம். மின்சாரம் தீர்ந்து வண்டி தளரும் வரை ஓட்டினர். புதிய வண்டி இதே முறையில் 84 மைல் அளவு ஓட வேண்டும் என்பது அவர்களுடைய கணக்கு. மிகச் சிறப்பாக ஓடியது 80 மைலை நெருங்கியது. மிகத் தளர்ந்தது 60 மைலைக்கூட எட்டவில்லை.

இதிலே வெற்றி பெற்றவர் எவருமில்லை. மிக மோசமாக ஓடிய வண்டியின் சொந்தக்காரரே மிகப் பெறுமதியான சான்றைக் கொண்டுவந்தவர். சாரதி, பாதை, வேகம், வெப்பம் ஆகிய எல்லாவற்றையும் சமப்படுத்திய பின்னரும் வேறுபாடு எஞ்சி நின்றமையால், குறை மின்கலத்திலேதான் என்பது வெளிப்பட்டது. அதே காலத்தில் நீதிமன்றத்திலும் வழக்குத் தொடரப்பட்டது. அவ்வாண்டு டிசம்பரில் நிசான் கம்பனி, ஐந்து ஆண்டுகளுக்குள் அல்லது 60,000 மைலுக்குள் மின்கலத்தின் கட்டங்கள் ஒன்பதிலும் குறைந்தால் அதனைச் சீர்செய்து தருவதாக உத்தரவாதம் அறிவித்தது. முன்னரே விற்ற வண்டிகளுக்கும் அது செல்லுபடியாயிற்று. அந்த ஒரு நாள் ஓட்டமே இதனைச் சாதித்தது என்று கூறுதல் மிகையாகும். வழக்கும், பத்திரிகைகளும், கம்பனியின் சொந்த ஆய்வும் அதற்குத் துணைநின்றன. ஆனால், தனித்தனியே எழுந்த புலம்பலைப் பொதுச் சான்றாக மாற்றியது அந்தக் கூட்டு அளவீடே என்பதில் ஐயமில்லை.

ஓர் எச்சரிக்கை

இவ்விடத்தில் மறுபக்கத்தையும் சொல்லிவிட வேண்டும். ஒரு கிலோமீற்றருக்கு இத்தனை வாற்று-மணி என்னும் அளவு வண்டியைப் பற்றியது. அதில் ஏறிச்செல்லும் மனிதரைப் பற்றியதன்று. இரண்டு தொன் பாரமுள்ள காரில் ஒருவர் தனியே அமர்ந்து, எவ்வளவு நுணுக்கமாக ஓட்டினாலும், அந்த மின்சாரத்தின் பெரும்பகுதி இரும்பையும் மின்கலத்தையும் சுமப்பதற்கே செலவாகின்றது. அதே காரில் நால்வர் ஏறினால், ஆளுக்குரிய செலவு ஏறத்தாழ நாலிலொன்றாகிவிடும். எந்தச் சாரதியின் சாமர்த்தியமும் இவ்வளவு பெரிய சிக்கனத்தைத் தர இயலாது. நாற்பது, ஐம்பது பேரை ஏற்றிச் செல்லும் பஸ்ஸைப் பற்றிச் சொல்லவே வேண்டியதில்லை. சிக்கனப் போட்டியிலே பரிசு பெற்றவர், அடுத்த வீட்டாரையும் தம்மோடு ஏற்றிச் சென்றாரா என்று எவரும் கேட்பதில்லை. கேட்க வேண்டும் என்பதே எனது எண்ணம்.

நமக்கு என்ன பயன்?

இவையெல்லாம் அந்நிய நாட்டு விடயங்கள். நமக்கும் இவற்றிற்கும் என்ன தொடர்பு என்று சிலர் வினவலாம். தொடர்பு உண்டு. அரிசோனாவிலே பேசப்பட்ட அதே லீஃப் கார், 2015ஆம் ஆண்டை ஒட்டி, வரி குறைவாயிருந்த காலத்தில், ஆயிரக்கணக்கில் இலங்கைக்கு இறக்குமதி செய்யப்பட்டது. அவற்றுட் பல ஜப்பானில் ஏற்கனவே ஓடியவை. 2015 இறுதியில் வரி உயர்ந்தது. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியே நிறுத்தப்பட்டது. 2025 பெப்ரவரியில் தனியார் கார்களுக்கு மீண்டும் அனுமதி கிடைக்கும் வரை, ஏறத்தாழ ஐந்து ஆண்டுகள், நாட்டினுள் இருந்த பழைய வண்டிகளே கைமாறிக் கைமாறி விலையேறின. ஆசிரியர் ஒருவர் பல ஆண்டுச் சேமிப்பைக் கொடுத்து இத்தகைய பழைய மின்சாரக் காரை வாங்குகின்றார் என்று வைத்துக்கொள்வோம். அவர் உண்மையில் வாங்குவது எதனை? வண்டியின் உடலை அல்ல. அடியில் மறைந்திருக்கும் மின்கலத்தில் எஞ்சியுள்ள உயிரை. அதனை, ஓடிய தூரத்தைக் காட்டும் எண்ணும் சொல்லாது. பளபளக்கும் வர்ணமும் சொல்லாது. விற்பவருடைய வாய்மொழி சொல்லவே சொல்லாது.

நமது வெயில் அரிசோனாப் பாலைவனத்தின் வெயிலன்று. எனினும், ஆண்டு முழுவதும் வெப்பம் தணியாத நாட்டில் மின்கலத்திற்கு ஓய்வான காலம் என்று ஒன்று கிடையாது. நோர்வேயின் எண் நமக்குப் பொருந்தாது. ஐரோப்பிய ஆய்வுகூடத்தின் எண்ணும் பொருந்தாது. நமது எண்ணை நாமே கண்டறிதல் வேண்டும்.

அதற்குப் பெரிய செலவொன்றும் இல்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை, பத்து வண்டிகள் முழு மின்னேற்றத்துடன் யாழ்ப்பாணத்திலிருந்து புறப்பட்டு, ஆனையிறவு வரை சென்று திரும்பட்டும். பாதை ஏறத்தாழ 100 கிலோமீற்றர், பெரும்பாலும் சமதரை. சென்று திரும்புவதால், காற்று ஒரு பக்கமாக வீசினாலும் அதன் உதவியும் தடையும் ஓரளவு சமப்படும். அப்படியிருந்தும், சோளகம் வீசும் நாளின் அளவும் காற்றடங்கிய நாளின் அளவும் ஒன்றாகா. ஆதலால் நாளையும் காற்றையும் எழுதி வைக்க வேண்டும். எல்லோருக்கும் ஒரே வேகம். எத்தனை பேர் ஏறினர், குளிரூட்டி இயங்கியதா, டயரின் காற்று எவ்வளவு, வண்டி எந்த ஆண்டில் செய்யப்பட்டது என்ற விபரங்கள் யாவும் குறிக்கப்படட்டும். திரும்பியதும் மீண்டும் முழு மின்னேற்றம் செய்து, சுவரிலிருந்து எத்தனை அலகு ஏறியது என்பதை மின்மானியிற் பார்க்கலாம். காரின் பலகை காட்டும் எண்ணைக் காட்டிலும் இதுவே நேர்மையானது. ஏனெனில் மின்னேற்றத்தின்போது வெப்பமாகி வீணாகும் மின்சாரத்தையும் மின்மானி கணக்கில் எடுக்கின்றது. நமது பணம் போவதும் அந்த மின்மானியின் வழியாகத்தான்.

மலைநாட்டவர்களுக்கு வேறொரு சோதனை காத்திருக்கின்றது. நுவரெலியா 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கின்றது. ஆட்களோடு சேர்த்து 1,700 கிலோகிராம் பாரமுள்ள காரொன்றைக் கடலோரத்திலிருந்து அவ்வுயரத்திற்குத் தூக்குவதற்கு மட்டும் எட்டரை அலகுக்கு மேல் வேண்டும். 24 அலகு கொள்ளும் புதிய மின்கலத்தில் அது மூன்றிலொரு பங்குக்கு மேல். தேய்ந்த மின்கலத்தில் பாதியை நெருங்கும். இறங்கும்போது ஒரு பகுதி மீளும். எவ்வளவு மீளும் என்பதை ஓர் உயர்தர வகுப்பு மாணவர் குழு அளந்து கட்டுரையாக வெளியிட்டால், அது பாடநூலின் பத்துப் பயிற்சிகளுக்குச் சமமாகாதா?

இதனை வெறும் கார்க்காரர் விவகாரம் என்று எண்ணலாகாது. 2022ஆம் ஆண்டை நாம் எளிதில் மறக்க முடியாது. அவ்வாண்டு மார்ச் இறுதியில் மின்வெட்டு நாளொன்றுக்குப் பதின்மூன்று மணி நேரம் வரை நீண்டது. பெற்றோல் நிலையங்களின் முன்னால் மக்கள் இரவு பகலாக வரிசையிற் காத்துக் கிடந்தனர். பின்னர் வாரத்திற்கு இத்தனை லீற்றர் என்று பங்கிட்டுத் தந்தனர். ஒரு லீற்றர் எத்தனை கிலோமீற்றர் கொண்டுசெல்லும் என்பதை அந்நாட்களில் நாம் ஒவ்வொருவரும் விரல்விட்டு எண்ணினோம். எண்ணியதால் வீண் பயணங்கள் குறைந்தன. அயலவர்கள் சேர்ந்து பயணம் செய்தனர். வரிசை மறைந்ததும் அந்தக் கணக்கும் மறந்துபோயிற்று. மின்சாரமும் வானத்திலிருந்து விழுவதன்று. மழை பொய்த்தால் லக்சபானவும் மகாவலியும் குறையும். நுரைச்சோலைக்கு நிலக்கரி கப்பலில் வரவேண்டும். அதற்கு அந்நியச் செலாவணி வேண்டும். சுவரிலுள்ள துவாரத்தில் வயரைச் செருகும் ஒவ்வொருவரும் இந்தப் பொதுக் கணக்கிலே ஒரு வரியை எழுதுகின்றனர்.

ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்று நம் முன்னோர் கூறினர். அளப்பவன் கஞ்சன் என்பது அதன் பொருளன்று. எவ்வளவு போட்டோம் என்று அறியாதவனை எவரும் ஏமாற்றலாம் என்பதே பொருள். மின்சாரக் கார் உரிமையாளரின் கூட்டங்களிலே வீண் பெருமையும் உண்டு, விளம்பரமும் உண்டு, அபாயமான விளையாட்டும் உண்டு. அவற்றை நாம் பின்பற்ற வேண்டியதில்லை. ஆனால் பீனிக்ஸ் நகரத்திலே பன்னிரண்டு பேர் ஒன்றுசேர்ந்து, முந்துவதற்காக அல்லாமல் உண்மையை அறிவதற்காக, ஒரே வேகத்தில் ஓடினார்களே, அந்தக் காட்சியை நமது மாணவரும் ஆசிரியரும் தமது ஊர்ப் பாதைகளில் ஒருமுறையேனும் கண்டுவிட வேண்டும். பழைய வண்டியொன்றை விலைபேசச் செல்லும் மனிதனுடைய கையில் அன்று ஒரு தாள் இருக்கும். அதில் உள்ள எண்கள் அவனுடைய அயலவர்கள் அளந்து எழுதியவையாக இருக்கும்.